புள்ளியை விழுங்கிய பெட்டி

"உன் பெட்டி தங்கமான பெட்டிக்கா," என்றாள் தங்கை போனில். "வாயே திறக்க மாட்டேங்குது. பழசு இருந்துச்சே, கொடுமைக்கார மாமியார் மாதிரி, எதைத் தொட்டாலும் ஒரு கத்து."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னே, கூடப் பிறந்தவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசா? தங்கை குழந்தைகள் வார்டில் நர்ஸ். அக்கா அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கும் ஒரு சின்ன ஆபீஸில் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். கம்ப்யூட்டர் திரையில் எண்ணை அடிக்கிற பெட்டி இருக்கிறதே, அது ரெடிமேடாகவே கிடைக்கும், எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். மருந்தின் அளவை அடிக்கும் பெட்டியை மட்டும் அவள் அப்படி ஒட்டவில்லை. கோடு முதற்கொண்டு தானே வரைந்து, தானே எழுதினாள். அளவு சரியாக இருந்தால் ஓரம் பச்சையாகும். எல்லை தாண்டினால் சிவப்பு. எண்ணாக இல்லாத எதை அடித்தாலும் உள்ளேயே போகாது. நான்கு மாத வேலை. ஆபீஸில் அவளுக்குப் 'பெட்டிக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று காலை எட்டு மணிக்குத்தான் தங்கையின் வார்டில் அதை முதன்முதலாக ஓட விட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்டு மட்டும், ஒத்திகை மாதிரி.

"கத்தக் கூடாதுன்னு உங்க தலைமை நர்ஸ்தானே கேட்டாங்க, குழந்தைங்க முழிச்சுக்குதுன்னு," என்றாள் அக்கா.

"அதான் சொல்றேன். காலைலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு முழு எண்ணாத்தான் வந்துச்சு, கடகடன்னு போயிடுச்சு. இனிமே ரவுண்ட்ஸ்லதான் புள்ளி அளவெல்லாம் வரும். பழசுல புள்ளி அஞ்சுன்னு அடிச்சா போதும், ஊரைக் கூட்டிடும். முன்னாடி சைபர் போடு, சைபர் போடுன்னு."

"ஏன், நீங்க சைபர் போடவே மாட்டீங்களா?"

"யாருக்கா போடறா? டாக்டர் 'புள்ளி அஞ்சு'ம்பாரு. காதுல விழுந்ததைத்தானே கை அடிக்கும்? அது கத்தும், அப்புறம் திட்டிக்கிட்டே சைபர் போடுவோம். இனிமே அந்தத் தொல்லை இல்ல. சரி, டாக்டர் வந்துட்டாரு. போனை லாக்கர்ல போடணும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

அக்கா சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதித் தெரு வந்தபின், அடுப்பை அணைத்தோமா என்று நெஞ்சில் ஒன்று உருளுமே, அந்த மாதிரி.

திரையில் பெட்டியைத் திறந்தாள். புள்ளியை அடித்தாள்.

ஒன்றும் வரவில்லை. பெட்டி காலியாக இருந்தது.

ஐந்தை அடித்தாள்.

'5' என்று வந்தது. ஓரம் அழகாகப் பச்சையானது.

"சல்லடை," என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "இங்க வாயேன்."

எதிர் மேஜைக்காரருக்கு ஆபீஸில் சல்லடை என்று பெயர். எழுதிய சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை, தூசு தப்பாது. "என்ன பெட்டிக்காரம்மா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்று வந்தார்.

"புள்ளி அஞ்சு அடி."

அவர் சைபர், புள்ளி, ஐந்து என்று அடித்தார். "வருதே, பாயிண்ட் அஞ்சு."

"சைபர் போடாம அடி."

அடித்தார். பார்த்தார். மறுபடி அடித்தார். அவர் முகத்திலிருந்த கேலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான் எழுத்து அடிச்சுப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "மைனஸ் அடிச்சேன். ஆயிரம் அடிச்சேன். எங்க வீட்டுப் பூனையைக் கூட கீபோர்டுல நடக்க விட்டேன். இதை அடிக்கல."

"நானும்தான் அடிக்கல. நாம ரெண்டு பேரும் கணக்கு ஒழுங்காப் படிச்சவங்க. சைபர் இல்லாம நமக்குக் கையே வராது."

எண்ணாக இல்லாத எதுவும் உள்ளே போகக் கூடாது என்று அவள்தானே எழுதினாள்? வெறும் புள்ளி எண்ணாகுமா? ஆகாது. அதனால் பெட்டி அதைத் துப்பிவிடும். கத்தக் கூடாது என்றும் அவள்தான் எழுதினாள். அதனால் சத்தமில்லாமல் துப்பும். அடுத்து வரும் ஐந்து நல்ல எண். பெட்டியின் எல்லையான பத்துக்குள் இருக்கிறது. பச்சை. அரை பங்கு கேட்ட குழந்தைக்கு ஐந்து பங்கு. பத்து மடங்கு மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டி பச்சையாகச் சிரிக்கும்.

"வார்டுக்குப் போன் போடு. போட்டுக்கிட்டே இரு," என்றாள். செருப்பு எங்கே என்று பார்க்கவில்லை. மேஜைக்கடியில் கிடந்த எதையோ மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

படியில் முதலாளி எதிரே வந்தார். "எங்கம்மா ஓடறீங்க?"

"சார், வார்டுல சாஃப்ட்வேரை நிறுத்தணும். புள்ளியை முழுங்குது."

"முழுங்குதுன்னா? இன்னிக்குத்தானே போட்டிருக்கு, மானம் போயிடும்மா. சாயந்திரம் சரி பண்ணி..."

அந்த வாக்கியம் முடியும்போது அவள் தெருவில் இருந்தாள்.

இரண்டு தெரு என்பது எவ்வளவு தூரம்? தினமும் நடக்கிற தூரம்தான். அன்று அது நீண்டுகொண்டே போயிற்று. கடை வாசலில் இறக்கிக்கொண்டிருந்த மூட்டைகளைச் சுற்றினாள். சிக்னலில் வண்டிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. "சாகவா வந்தே?" என்று ஒருவன் வண்டியிலிருந்து கத்தினான். ஓடும்போது போன் அடித்தது. சல்லடை.

"யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ரவுண்ட்ஸ்ல இருப்பாங்க."

"விடாதே."

டாக்டர் சொல்வார்: புள்ளி அஞ்சு. தங்கச்சி அடிப்பாள். அவள் கை வேகம் அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் தாயக்கட்டை உருட்டினால் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கை இப்போது எந்தக் கட்டில் பக்கம் நிற்கிறது? என்ன மருந்து? தலைவலி மருந்தாக இருக்கட்டும். சத்து மருந்தாக இருக்கட்டும். கடவுளே, புள்ளியில்லாத மருந்தாக இருக்கட்டும்.

வாசலில் செக்யூரிட்டி மறித்தார். "பார்வையாளர் நேரம் நாலு மணிக்கும்மா."

"நான் பார்க்க வரல. கம்ப்யூட்டர்."

"பேர் எழுதுங்க, நேரம் எழுதுங்க..."

கிறுக்கினாள். பத்து ஐம்பது. அவள் கையெழுத்து அவளுக்கே புரியவில்லை. மூன்று மாடி. லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியேறினாள்.

வார்டு அமைதியாக இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. அழுகை இல்லை, ஓட்டம் இல்லை. ஆறாம் கட்டில் பக்கத்தில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, தூங்குகிற மூன்று வயதுக் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊசி மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் பம்பு; பெட்டியில் அடிக்கிற அளவு நேரே அதற்குப் போகும். தங்கை அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா? நீ எங்க இங்க?"

"என்ன போகுது அதுல?"

"வலிப்பு மருந்து. ஏன்க்கா, உனக்கு என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"எவ்வளவு?"

"மணிக்கு..." தங்கை பம்பைத் திரும்பிப் பார்த்தாள். அதில் 5 என்று இருந்தது.

"டாக்டர் எவ்வளவு சொன்னாரு? உன் காதுல என்ன விழுந்துச்சு?"

தங்கை பம்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுடி!"

"புள்ளி அஞ்சு."

"நிறுத்து. நிறுத்துடி அதை!"

தங்கையின் கை அந்தப் பொத்தானை அழுத்தியது. பம்பு ஒரு சின்னச் சத்தம் போட்டு நின்றது. தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு நிமிஷம்," என்றாள். "ஆறு நிமிஷம் ஓடியிருக்கு. ஒரு மணி நேரத்துக்கான மருந்து ஆறு நிமிஷத்துல..." முடிக்காமல், "டாக்டர்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். அந்த வார்டில் நர்ஸ் ஒருத்தி அன்று கத்தியது அதுதான் முதல் தடவை.

ஸ்டூலில் இருந்த அம்மா நிமிர்ந்தாள். "மெதுவாம்மா, முழிச்சுக்கப் போகுது. மூணு நாளா கண்ணே மூடல. இப்பத்தான் நல்லா அசந்து தூங்குது."

அக்கா சட்டென்று குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அசந்து தூங்குது.

டாக்டர் வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார். கால் சோம்பலாக நகர்ந்தது. மார்பைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டுக் கடிகாரத்தில் எண்ணினார். "மூச்சு நிமிஷத்துக்குப் பன்னெண்டு. இருபதுக்கு மேல இருக்கணும். ஆக்ஸிஜன் வைங்க. யாரும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"என்ன ஆச்சு?" என்றாள் தாய். "ஏன் எல்லாரும் ஓடறீங்க? தூங்கத்தானே செய்யுது?"

தங்கை குழந்தையின் முகத்தில் மாஸ்க் வைத்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"அஞ்சுன்னு பார்த்தப்ப உனக்குத் தோணலையாடி?"

"தோணுச்சு," என்றாள் தங்கை, குழந்தையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அடிச்சது புள்ளி அஞ்சு, நிக்கறது அஞ்சுன்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் ஓரம் பச்சையா இருந்துச்சு. பழசா இருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். இது நீ செஞ்சதாச்சேக்கா. நான்தான் காதுல தப்பா வாங்கிட்டேன்னு நினைச்சேன்."

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் தலைமை நர்ஸ் வந்து சேர்ந்தார். நெட்டையான மனுஷி, நடையிலேயே அதட்டல். திரையைப் பார்த்தார், டாக்டர் அப்போதுதான் எழுதி வைத்த சீட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "யார் அடிச்சது?"

"நான்தான் சிஸ்டர்."

"அஞ்சுன்னு அடிச்சிருக்கே. கம்ப்யூட்டர்ல உன் பேர் இருக்கு, நேரம் இருக்கு, அஞ்சுன்னு இருக்கு. பத்து வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ளி வைக்கத் தெரியாதா உனக்கு?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தான் புள்ளி வைத்தோமா இல்லையா என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை என்பது அந்தக் குனிந்த கழுத்திலேயே தெரிந்தது.

அக்காவின் போன் அடித்தது. முதலாளி.

"குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணுக்கு ஆயிடுச்சு சார். மூச்சை எண்ணிக்கிட்டு இருக்காங்க."

"சரி. நல்லபடியா ஆயிடும். நீங்க ஒண்ணும் பேசாம வந்துடுங்கம்மா. மருந்து கொடுத்தவங்க கையைத்தான் பார்ப்பாங்க. நம்ம கையை யாரு பார்க்கப் போறா?"

"அது என் தங்கச்சி கை சார்."

அவள் போனை அணைத்தாள். வேலை போகும், அது கிடக்கட்டும். போலீஸ், விசாரணை, பேப்பரில் பெயர். அத்தனையும் ஒரே மூச்சில் கண்முன் வந்து நின்றது. ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விடலாம். புள்ளி விழுந்ததற்கு எங்கேயும் தடயம் இல்லை. பெட்டி அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை. உலகத்தில் அவளையும் சல்லடையையும் முதலாளியையும் தவிர யாருக்கும் தெரியாது.

"சிஸ்டர்," என்றாள். "நீங்க ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. நர்ஸுங்க அடிச்சுப் பழக ஒத்திகைப் பக்கம் இருக்குல்ல, அதுல. புள்ளி, அஞ்சு."

"நீங்க யாரு?"

"இந்தப் பெட்டியைச் செஞ்சவ."

தலைமை நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து அடித்தார். புள்ளி. காலி. ஐந்து. பச்சை. அழித்துவிட்டு இன்னொரு தடவை, புள்ளியை ஓங்கிக் குத்தினார். திரையில் ஐந்து நின்றது, பச்சையாக.

"ஐயோ," என்றார் அவர். அதட்டல் போன இடம் தெரியவில்லை. "நானும் இப்படித்தானே அடிப்பேன்." பிளக்கைச் சுவரிலிருந்து அவரே பிடுங்கினார். "எல்லாரும் பேப்பர்ல எழுதுங்க. காலைலேர்ந்து போனதை ஒண்ணு விடாம, பம்பையும் பாட்டிலையும் பார்த்து, சீட்டோட ஒத்துப் பாருங்க."

ஒத்துப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் முழு எண்கள். ஆறாம் கட்டில் மட்டும்தான்.

தவறு நடந்தால் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. தலைமை நர்ஸ் அதை மேஜையில் வைத்தார். யாரால் நேர்ந்தது என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் அச்சாகியிருந்தன: டாக்டர், நர்ஸ், மருந்தகம். ஒன்றில் டிக் அடித்தே ஆக வேண்டும். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"இதுல உங்களுக்கு இடமே இல்லையேம்மா."

"கொடுங்க இப்படி," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா," என்றாள் தங்கை கட்டில் பக்கத்திலிருந்து. "உன்னை உள்ள தூக்கி வெச்சாலும் வெச்சிடுவாங்க."

"நீ குழந்தையைப் பாரு."

மருந்தகத்துக்குக் கீழே ஒரு கட்டம் வரைந்தாள். அது சதுரமாக வரவில்லை, ஒரு பக்கம் சரிந்துபோயிற்று. அதற்குள் டிக் அடித்தாள். எதிரே 'மென்பொருள் எழுதியவர்' என்று எழுதி, தன் முழுப் பெயரையும் எழுதினாள். பிறகு ஸ்டூலில் இருந்த தாயிடம் போய்த் தரையில் மண்டியிட்டு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தாய்க்குப் பெட்டியும் புள்ளியும் புரிந்ததோ இல்லையோ, பத்து மடங்கு என்பது புரிந்தது. அவள் அக்காவின் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அடிக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியவில்லை. நகம் பதிந்தது. அக்கா அசையவில்லை.

"எண்ணிக்கிட்டே இருங்க," என்றாள் தாய், யாரிடம் என்றில்லாமல். "நிறுத்தாதீங்க."

"பதிமூணு," என்றாள் தங்கை.

வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் குழந்தையின் காதருகே விரல் சொடுக்கினார். இமை துடித்தது, திறக்கவில்லை.

"பதிமூணு."

தோளில் இருந்த பிடி இறுகியது. மூன்று பெண்களும் அந்தச் சின்ன மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினஞ்சு," என்றாள் தங்கை. "இருங்க. இன்னொரு தடவை எண்ணிக்கறேன்."