ஆடி கழியட்டும்

பாரோய் கடைவரிசைக்கு எதிரே, மோட்டார் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து மாதவி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிக் கிடந்த அந்தக் கடையை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை. அதன் முன்னால் யார் போகிறார்கள், யார் நின்று திரும்புகிறார்கள் என்பதில்தான் கண் இருந்தது. பேரங்காடிக் கல்லாவில் நின்று நின்று, வாங்க வருகிற கால் எது, வெயிலுக்கு ஒதுங்குகிற கால் எது என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தாள்.

பள்ளிக்குப் பின்னாலிருந்த கூடைப்பந்துத் திடலை நோக்கிப் பையன்கள் கும்பலாகப் போனார்கள். சிலர் ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். ஒருவன் ஓட்டியே போனான். சக்கரம் கீச்சிட்டது.

"அளுவுது பாரு" என்றான் அவள் கணவன் வீரமுத்து. "பேரிங் செத்துப்போச்சு."

"போயி மாத்தி வுடுங்களேன்."

"கடை எங்க இருக்குன்னு கேப்பானே. செம்பனைக்குள்ள இருக்குன்னா சொல்றது?"

கோலா சாவாவில், தோட்டத்து வீட்டின் முன்னால், இரண்டு வருடமாக அவன் ஸ்கேட்போர்டுகளைப் பழுதுபார்த்து விற்றுக்கொண்டிருந்தான். போனில் சொல்லி வைத்து வாங்க வருகிறவர்கள் வழி தப்பி, செம்பனைக் காட்டுக்குள் நின்றுகொண்டு கூப்பிடுவார்கள். பாதிப் பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள். சிரம்பானில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனபிறகு அந்தப் பாதிப் பேர் போதவில்லை. தீபாவளிக்குள் கடை அமையாவிட்டால், ஜொகூரில் மாதவியின் அண்ணன் பார்த்துவைத்திருக்கும் செக்யூரிட்டி வேலைக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தான். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்தான்.

போன வாரம் சி ரூசாவுக்கும் போய்வந்தார்கள். கடலைப் பார்த்த கடை. மாதவிக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. வீரமுத்து இரும்புக் கதவை விரலால் தேய்த்து, செந்தூரம் மாதிரி ஒட்டிய துருவைக் காட்டினான். "இங்க வெச்சா பேரிங் எல்லாம் கருவாடு ஆயிடும்."

"இதான்" என்றாள் மாதவி இப்போது, இறங்கிச் சேலையை உதறிக்கொண்டு. "இங்கதான் கடை."

கடையைக் காட்ட ஏஜென்ட் திருச்செல்வம் சாவிக்கொத்தோடு வந்தார். வந்ததும் வீரமுத்துவின் தோளைத் தட்டினார். "நல்லசாமி மவன்தானே? எங்கப்பா வேலை வாங்குற மண்டோரா இருந்த தோட்டத்துலதான் உங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு. அப்புறம் என்னா, நம்ம புள்ளைங்க!"

முன்பு அது மோட்டார் பட்டறையாக இருந்திருக்கிறது. தரையெல்லாம் எண்ணெய்க் கறை, இடையிடையே குழி. முதலாளி கோலாலம்பூரில் இருக்கிறார், அக்ரிமென்ட் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார் திருச்செல்வம்.

மாதவி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அடுத்த வாரம் ஆடி பொறந்துடுமே அண்ணே."

"அட, ஆமால்ல." அவரும் தலையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு செய்யுங்க. இந்த வெள்ளிக்கிழமையே பாலைக் காய்ச்சிடுங்க. கையெழுத்த ஆவணியில வெச்சுக்கலாம்."

"மொதலாளி ஒண்ணும் சொல்லமாட்டாரா?" என்றான் வீரமுத்து.

"நான் சொல்லிக்கிறேன்லா. நமக்குள்ள என்னா."

வெள்ளிக்கிழமை பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மாதவிக்கு மூச்சு வந்தது. தோட்டத்தில் ஒரு குடும்பம் பால் காய்ச்சிய வீட்டை, கணக்கு எழுதி வீடு ஒதுக்குகிற கிராணிகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

ஆடி முழுக்கத் தரை வேலை. அவள் வேலை முடிந்து நேராக இங்கேதான் வருவாள். சவர்க்காரத் தூளைக் கொட்டி, முழங்காலிட்டு எண்ணெய்க் கறையைத் தேய்ப்பாள். அவன் பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசிக்கொண்டு வந்தான். பூசிய இடத்தில் கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்து, ஒற்றைக் கண்ணால் மேடு பள்ளம் பார்ப்பான். பிள்ளைகள் கடைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"குன்னிமுத்து அளவு கல்லு துருத்திக்கிட்டு நின்னாலும் சக்கரம் நின்னுடும் மாது. புள்ள மூஞ்சி போயிடும்."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அப்துல் மஜீத் தேநீரைப் பையில் கட்டி எடுத்துவந்து வாசலில் நின்றார்.

"அக்ரிமென்ட் போட்டாச்சா தம்பி?"

"ஆடி கழியட்டும் பாய்."

"பேப்பருக்கு ஆடி, ஆவணி தெரியாதேப்பா."

"பால் காய்ச்சியாச்சு பாய்" என்றாள் மாதவி சிரித்துக்கொண்டே.

"பால் பொங்குனது எனக்குத் தெரியும்மா. மொதலாளிக்குத் தெரியுமா?"

அவர் போனபிறகு மாதவி வெகுநேரம் ஒரே இடத்தைத் தேய்த்தாள். "இப்பவே போட்டுடலாமாங்க?"

"நீதானே வேணாம்ன. அக்கா வூட்டுக்காரரு ஆடியில வேன் எடுத்தாரே, என்னா ஆச்சு?" பூச்சுக் கரண்டியைத் துடைத்தான். "இன்னும் கொஞ்ச நாள்தான். எதுக்கு வம்பு."

ஒரு மத்தியானம் முதலாளியே வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது தண்ணீர் நிற்கிற குளம் மாதிரி மின்னியது. "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வீரமுத்து மோட்டாரில் பாட்டுப் பாடினான்.

ஆவணி முதல் தேதி போனார்கள். மாதவி மடியில் பூவும் வெற்றிலையும் இருந்தன. கடைக் கதவு ஏற்கெனவே தூக்கப்பட்டிருந்தது. வாசலில் லாரி. ஆளுயரத் துணி துவைக்கும் இயந்திரங்களை மூன்று பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருச்செல்வம் லாரி நிழலில் நின்றார். அவர்களைக் கண்டதும் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார்.

"தம்பி, கூப்புடணும்னுதான் இருந்தேன்... மொதலாளி அனுப்புன படத்தப் பாத்துட்டு ஒரு டோபி கடைக்காரன் வந்துட்டான். வந்த அன்னைக்கே சைன் பண்ணிட்டான்."

"என்னைக்கு?"

"போன வெள்ளி."

ஆடி கடைசி வெள்ளி. மாதவி பூவை முந்தானைக்குள் தள்ளினாள். "பால் காய்ச்சுனோமே அண்ணே."

"நான் சொன்னேன்மா. சத்தியமா சொன்னேன். அது என்னான்னே அவருக்குப் புரியல."

"தரை?" என்றான் வீரமுத்து.

"அதான்பா!" திருச்செல்வத்துக்குச் சட்டென்று குரல் வந்தது. "மொதலாளிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. மாடியிலயும் இதே மாதிரி போட்டுத் தருவியான்னு கேக்கச் சொன்னாரு. சும்மா இல்ல, கூலிக்குத்தான்."

வீரமுத்து திருச்செல்வத்தின் சட்டைப் பொத்தானையே பார்த்தான்.

"என் சாமான் உள்ள இருக்கு" என்றான் பிறகு.

உள்ளே, அவன் பூசிய தரையில் ஈரப் பூட்ஸ் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போயிருந்தன. வாசலுக்கு வந்ததும் வீரமுத்து குனிந்தான். ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தான். பிறகு வலது. இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்தான்.

பின்னால் இயந்திரத்தைத் தாங்கி நின்ற பையன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தான். "செப்பாட்லா, பாங்" என்று அவசரப்படுத்தினான். வீரமுத்து ஒதுங்கி வழிவிட்டான். வெறுங்காலோடு, வாசலுக்கு வெளியே.