ஈயம் காய்ச்சும் தெரு

நாட்டு மக்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவர அரசாங்கம் அனுப்பிய வேன்களில் ஒன்று, அதில் ரத்தம் எடுக்கப் போன நர்ஸின் அக்கா குடியிருந்த தெருவுக்கே வந்து நின்றது. உயரம், எடை, ரத்த அழுத்தம், கடைசியில் ஒரு சிறு குப்பி ரத்தம். பல ஊர் சுற்றி நர்ஸுக்கு இது பழகிப்போயிருந்தது. ஒரு தெருவில் ஆண்களுக்கெல்லாம் சர்க்கரை, இன்னொரு தெருவில் பெண்களுக்கெல்லாம் ரத்தசோகை.

"ஒரு நாட்டையே சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்று வேன் ஓட்டுநரிடம் ஒருநாள் சொன்னாள்.

"பார்த்தவரைக்கும் போதும்மா, போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.

அக்கா புருஷனைத் தெருவே பேட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடும். பழைய வண்டி பேட்டரிகளை வாங்கிக் கோடாலியால் பிளந்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உருக்கிப் பாளமாக வார்த்து விற்பார். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. மனிதர் தங்கமானவர். நர்ஸின் அப்பா மூச்சுத் திணறிக் கிடந்தபோது, வண்டிக்குக் காத்திராமல் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்.

அவருடைய மகளுக்கு வாயாடி என்று பட்டப்பெயர் வைத்தவள் நர்ஸ்தான். மூன்று வயதில் தெருவில் போகிற நாயைக்கூட நிறுத்தி விசாரிக்கும் குழந்தை. ஐந்து வயதில் பேச்சு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பூச்சியாக இருக்கும் என்று நர்ஸே மருந்து வாங்கிக் கொடுத்திருந்தாள்.

இப்போது குழந்தையின் கையில் நாடாவைக் கட்டி ஊசியை ஏற்றினாள். வாயாடி சிணுங்கக்கூட இல்லை. குப்பி நிறைவதை யாருடைய ரத்தமோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் ரொம்பச் சமத்து ஆயிட்டாடி" என்றாள் அக்கா, பெருமையாக.

நர்ஸ் குப்பியில் பெயரை எழுதி ஒட்டினாள். அழாத குழந்தைகளை அவள் அதிகம் பார்த்ததில்லை.

முடிவுகள் வந்ததும், அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் டாக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டாக்டர் உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நர்ஸுக்குத் தெரியாதா?

"அந்தத் தெருவுல அத்தனை குழந்தைங்க ரத்தத்துலயும் ஈயம் இருக்கும்மா. ஒரு குழந்தைக்கு ரொம்ப மோசம்."

எந்தக் குழந்தை என்று அவள் கேட்கவில்லை. "போன பேச்சு திரும்பி வருமா டாக்டர்?" என்றாள்.

"இனிமே போகாம பார்த்துக்கலாம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொட்டகையை மூடணும்னு நான் எழுதியாகணும். அது உங்க வீட்டு மனுஷங்கன்னு சொன்னாங்க."

"எழுதுங்க" என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது பேட்டரிக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாயாடி அவர் மடியில். அவருடைய சட்டையில் சாம்பல் நிறத் தூசி. அதிலேயே குழந்தை முகத்தைப் புதைத்திருந்தது.

நர்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நான் வயசுப் பையனா இருந்ததுலேருந்து இந்தப் புகையைத்தானே குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"மாமா, ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க."

நீட்டினார். மணிக்கட்டு இரண்டும் வாடிய தண்டு மாதிரி தொங்கின. தூக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டென்று கையை இழுத்து மடியில் மறைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

"நீதான் காட்டிக்கொடுத்தியா?" என்றாள் அக்கா.

"டாக்டர் எழுதறார். வேண்டாம்னு நான் சொல்லலைக்கா."

"எழுந்து போடி. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

அதிகாரிகள் வந்து கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். வேலை போனவர்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி வேன் வந்தபோது எவனோ கல்லெறிந்து கண்ணாடி உடைந்தது. வாயாடியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தில் ரத்தத்தின் ஈயம் இறங்கியது. பேச்சு ஏறவில்லை. "தண்ணி" என்பாள், "வலி" என்பாள், அவ்வளவுதான். பேட்டரிக்காரர் கொஞ்ச நாள் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் இடம் பிடித்து அடுப்பை மூட்டினார். தனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று ஊராரிடம் சொன்னாராம். அந்தத் தெருவிலும் குழந்தைகள் இருந்தார்கள். நர்ஸ் அதையும் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் மறுபடி எழுதினார். இந்த முறை யாரும் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அக்கா, வாயாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. தங்கைக்குத் தெரியாமலே ஆறு மாதம் ஆகியிருந்தது.

"எனக்கும் ரத்தம் எடுத்துப் பாரு" என்றாள்.

எடுத்தாள். முடிவும் வந்தது. மறைக்க நர்ஸுக்கு மனம் வரவில்லை.

"உன் உடம்புலயும் இருக்குக்கா. அது எலும்புல போய் உட்கார்ந்துக்கும். வயித்துப் பிள்ளைக்கு எலும்பு வளர உன் எலும்புலேருந்துதான் சத்து போகும். அதோட சேர்ந்து…"

"தினம் அவர் துணியை உதறித் துவைச்சேனேடி" என்றாள் அக்கா. பிறகு, "மருந்து?"

"மாசமா இருக்கிறப்போ அந்த மருந்தைக் குடுக்கப் பயப்படறாங்க. பால் குடி, மாத்திரை தர்றேன், அந்தப் புகை பக்கமே போகாதே."

அக்கா வாயாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உன் வீட்டுல எங்களுக்கு இடம் இருக்கா?"

"இது என்ன கேள்வி?"

"அவரைத் தனியா விட்டுட்டு வரேன். கையால சோத்தை எடுத்து வாயில வைக்க முடியலை அவருக்கு." அப்போதுதான் அழுதாள். அழுகைக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா உதைக்குதுடி. இவளும் இப்படித்தான் உதைச்சா."

வாயாடி அம்மாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அசைந்தது தெரிந்து நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்காவும் தங்கையும் காத்திருந்தார்கள். குழந்தை கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.