ஏலவார்குழலி கனத்த கதை

1971-ஆம் வருடம் ஆடி மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி குமாரவேலின் மனைவி ஏலவார்குழலி கனக்கத் தொடங்கினாள். உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது, வளையல் முழங்கை வரை ஏறியது, எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. முதலில் கயிற்றுக் கட்டில் அறுந்தது. அப்புறம் பெஞ்சு உடைந்தது. பிறகு அவள் தரையிலேயே படுத்துக்கொண்டாள்; சிவப்பு சிமெண்டுத் தரை அவள் முதுகின் அளவுக்குப் பள்ளம் வாங்கியது. அதே வாரம் ஜரிகை விலையும் ஏறிவிட்டதால் தெருவில் முதலில் பேசப்பட்டது ஜரிகைதான்.

அறிகுறி முன்பே இருந்தது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்சுற்றைத் தார் என்பார்கள். குமாரவேலின் தறிக்குத் தார் சுற்றித் தருவது அவள் வேலை. அந்த ஆனியில் அவள் சுற்றிய தாரைப் போட்டு எறிந்த நாடா, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவின் நடுவிலேயே நின்றுவிட்டது, மறுகரைக்குப் போகவில்லை. சீப்பைக் கையில் எடுத்தவள் தலை வாராமல் மத்தியானம் வரை அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோழி கூவுமுன் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி அழுதாள். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. மகளை ஆரணியில் கொடுத்திருந்தார்கள், மருமகன் குடிக்காதவன். தறி ஓடியது, வீடு சொந்த வீடு, மாமியார்கூட இல்லை. குறை ஒன்றும் இல்லாதவள் அழுகிறாள் என்பதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணேறு என்றார்கள், முச்சந்தியில் யாரோ சுற்றிப்போட்ட கழிப்பை மிதித்துவிட்டாள் என்றார்கள், கொழுப்பு என்றும் சிலர் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி, இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்ததில் இன்னும் கொஞ்சம் கனத்தாள்.

குமாரவேலின் அண்ணன் மாணிக்கவாசகம் அந்தத் தெருவில் வைத்ததுதான் சட்டம். திருவிழாக் கமிட்டியில் இருந்தார், கல்யாணமானாலும் கருமாதியானாலும் முன்வரிசையில் உட்கார்ந்தார். புத்தி சரியில்லாதவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டுப் பூசை செய்யும் கோயில் ஒன்று தெற்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து, தம்பியை வாசலில் நிறுத்திச் சொன்னார்: “அங்க கொண்டு போயி வுட்டுடலாம்பா. அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும். அய்யம்பேட்டையில ஒரு பொண்ணு இருக்குது, உனுக்கு நான் ஒரு வழி பண்றேன்.” குமாரவேல் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே படுத்திருந்தவளுக்கு இரண்டும் கேட்டது, அண்ணன் சொன்னதும், தம்பி சொல்லாமல் விட்டதும்.

ஐப்பசியில் வாடகைக் கார் வந்து நின்றது. சங்கிலியைச் சாக்குப்பையில் போட்டு மாணிக்கவாசகம் தானே தூக்கி வந்தார். உறவுக்காரர்கள் நாலு பேர் கையைப் பிடித்தும் காலைப் பிடித்தும் பார்த்தார்கள், அவள் அசையவில்லை. திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களைக் கூட்டிவந்தார்கள். வெள்ளி ரிஷபத்தையே தோளில் வைத்துக் குலுக்கி ஆடவிடுகிற கலியனும் அவன் ஆட்களும் அவளுக்கடியில் கயிறு கொடுத்து, மூங்கில் கட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். மூங்கில் முறிந்தது. மூன்று மாதமாக வாயைத் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள்.

“இன்னா மாமா, எங்க தூக்கினு போறீங்க? வரதர் கோயில் கொளத்துல ஒருத்தர் முப்பது வருசமா தண்ணிக்கடியில படுத்துக்கினு இருக்காரே, அவர யாராவது சங்கிலில கட்னீங்களா? எழுந்துக்கறப்போ எழுந்துக்கட்டும்னு வுட்டீங்க இல்ல? என்னையும் வுடுங்க.”

மாணிக்கவாசகம் சாக்குப்பையைக் கீழே வைத்தார். பதில் சொல்ல முடியாத இடத்தில் கற்பூரம் ஏற்றுவது இந்த ஊரின் வழக்கம். புறப்பட மனமில்லாத உற்சவர் கனத்துவிடுவார் என்பது இங்கே சாமி தூக்குகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஒவ்வொருவனும் தன் தோளில் அது நடந்ததாகச் சத்தியமும் செய்வான். கலியன் முறிந்த மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நெற்றியில் யாரோ குங்குமம் அப்பினார்கள். எலுமிச்சை மாலையும் மஞ்சள் தண்ணீரும் வந்தன, தொட்டில் கட்ட இடம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். பேரே ஏகாம்பரநாதர் பெண்டாட்டி பேராயிற்றே, வேறு என்ன சாட்சி வேண்டும் என்றார் மாணிக்கவாசகம். தகர உண்டியல் ஒன்றை வாங்கி அவள் தலைமாட்டில் வைத்து, கொண்டுவந்த சங்கிலியாலேயே அதைத் தூணோடு கட்டிப் பூட்டுப் போட்டார். சங்கிலி வீண்போகவில்லை.

தை மாதம் வரை பொறுத்தாள். அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வீடு நிறையக் கூட்டம் இருந்தபோது, கழுத்தில் கிடந்த மாலையை அறுத்து வாசல் பக்கம் எறிந்தாள். எலுமிச்சம்பழங்கள் தெருவரை உருண்டன. “எம்பேரு சாமி பேரு, அதோட சரி. சாமி காரணமில்லாம அழுவுமா? நான் அழுவறேன். சாமிக்குக் குளிக்கறதுக்கு அலுப்பா இருக்குமா? எனக்கு இருக்குது. நான் பைத்தியமும் இல்ல, சாமியும் இல்ல. கனமா இருக்குது, அவ்ளோதான். இத்த நம்பறதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?” என்றாள். பிறகு கையை நீட்டி உண்டியல்மேல் வைத்தாள். உண்டியல் அப்பளமாகிவிட்டது.

குமாரவேல் தறியிலிருந்து எழுந்து வந்தான். அண்ணன் முன்னால் அதுவரை தலையை நிமிர்த்தாதவன், “அண்ணா, நீங்க கெளம்புங்க. அய்யம்பேட்டைக்கும் சொல்லி அனுப்பிடுங்க. எம் பொண்டாட்டி இங்கதான் இருக்கும்,” என்று சொல்லிக் கூட்டத்தை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். ஐப்பசியிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் சொன்னாள். அவன் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டான், அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மறுவாரம் பாலாற்றைத் தாண்டிப் போய் ஒரு கருங்கல் பலகை வாங்கிவந்து அவள் படுக்கும் இடத்தில் பதித்தான். தாரையும் தானே சுற்றிக்கொண்டான். ஆம்பளை ராட்டை சுற்றுவதைப் பார்த்துத் தெரு கொஞ்ச நாள் சிரித்தது, பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

அதன் பின் சில மாதங்கள் எழுந்து நடந்தாள், சில மாதங்கள் படுத்தாள். எடை குறையவே இல்லை. நடந்தால் வீட்டுக்கு வீடு பித்தளைக் குடங்கள் முணுமுணுத்தன. காலையில் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும் பாவு, அவள் வந்தால் அதிர்ந்து இழை இழையாக அறுந்தது. அவள் தாண்டிப் போகும்வரை நெசவாளிகள் தறி மிதியிலிருந்து காலை எடுத்துக் காத்திருந்தார்கள், சிலர் திட்டினார்கள். “நான் நடக்கறதா வேணாமா? நீங்களே சொல்லுங்கபா,” என்று தெரு நடுவில் நின்று கேட்பாள். தார் ரோட்டில் பதிந்த அவள் காலடிகளில் மழைத் தண்ணீர் தேங்கிச் சிட்டுக்குருவிகள் குளித்தன.

1979-இல் சின்ன காஞ்சிபுரத்தில் குளத்துநீரை இறைத்து, நாற்பது வருடத்துக்கு ஒருமுறை எழுகிற அத்தி வரதரை வெளியே எடுத்தார்கள். சைவர்கள் போகலாமா கூடாதா என்ற பேச்சு இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் எல்லோரும் போய்விட்டார்கள். ஏலவார்குழலி அதிகாலையில் தலைகுளித்து, அரக்குப் புடவை கட்டி, நடந்தே புறப்பட்டாள். வழிநெடுக சோடாக் கடைகளில் பாட்டில்கள் குலுங்கின. மாணிக்கவாசகம் தன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், அவள் வருவது தெரிந்ததும் எழுந்து நின்றார். பெஞ்சு ஆடியதால் என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

சந்நிதியில் கண்ணிமைக்கும் நேரம்கூட யாரும் நிற்க முடியாது. வரிசை பார்க்கிற ஆட்கள் நகரு நகரு என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவள் தோளையும் தள்ளினார்கள். ஒருவன் தள்ளினான், மூன்று பேர் தள்ளினார்கள், கடைசியில் கை வலித்து விட்டுவிட்டார்கள். வரிசை தெருவுக்கும் அப்பால் நின்றுபோனது. அந்த வருடம் ஊரிலேயே பெருமாளைத் திருப்தியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பாதத்திலிருந்து முகம் வரைக்கும், மறுபடி முகத்திலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தாள். “எழுந்தாச்சா? நானும் எழுந்துதான் வந்துக்கிறேன்,” என்றாள். பிறகு தானாகத் திரும்பி நடந்தாள்.

தரிசன நாட்கள் முடிந்ததும் பெருமாளைத் திரும்பவும் தண்ணீருக்குள் வைத்தார்கள். அந்த வாரமே ஏலவார்குழலியும் படுத்தாள். குமாரவேல் கல்லைத் துடைத்துப் பாய் விரித்தான். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்சவேணி மட்டும் ஜன்னலில் தலை நீட்டி, “எழுந்துக்கறப்போ ஒரு குரல் குடும்மா, பாவு போட்டிருந்தா சுருட்டிக்கிறோம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.