நாற்பத்தோராவது நிலம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சம்பா மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் மற்ற பெண்கள் புருஷனோடு கடற்கரைக்குப் போவார்கள். நான் நிலம் பார்க்கப் போவேன். கோர்ட்டில் எழுத்தராக இருக்கும் என் வீட்டுக்காரர் அருளானந்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்துப் பொங்கலிலிருந்து ஒன்றரை வருஷத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு நாற்பது நிலம் பார்த்துவிட்டார். வாங்கியது ஒரு சாண்கூட இல்லை.

பணம் இல்லாமல் இல்லை. சைகோனில் இருந்த அவர் அண்ணன் விட்டுப்போனது அப்படியே கிடந்தது. மனுஷருக்கு நிலம் பார்ப்பதில் அப்படி ஒரு ருசி. ஊர் எவ்வளவு தொலைவோ அவ்வளவு குஷி. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார், மண்ணை மோந்து பார்ப்பார், கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்ப்பார். விற்கிறவர் கோழி அடித்துச் சோறு போடுவார். சாப்பிட்டுவிட்டு, "கெழக்கால கொஞ்சம் சரிவா இருக்குதே" என்று எழுந்து வந்துவிடுவார். நான் வழியெல்லாம் சிரித்து வயிறு நோக வீடு வருவேன். பொய் சொல்வானேன், எனக்கும் அது திருவிழாவாகத்தான் இருந்தது.

ஆனால் நாங்கள் குடியிருந்த வீடு? ஒரே முற்றத்தில் ஐந்து குடித்தனம். நான் ஒரு பூசணி விதை போட்டால், கொடி யார் சுவர்மேல் படருவது என்று நாலு வீட்டுப் பஞ்சாயத்து. காய் பிடிக்கும் முன்பே மூன்று தடவை என் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். யாரையும் கேட்காமல் ஒரு விதை ஊன்ற எனக்கென்று ஒரு துண்டு மண் வேண்டும். அதைச் சொன்னால், "அடுத்த ஞாயிறு பாக்கலாம் சூச" என்று என் பேரைச் செல்லமாக இழுப்பார்.

நாற்பத்தோராவது நிலம் மண்ணாடிப்பட்டுக்கும் அந்தாண்டை. வில்லியனூர் வரை ரயில், அப்புறம் தரகர் வேம்புவின் மாட்டுவண்டி. எங்கள் பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே இரண்டு தடவை இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வந்தது. சாவடிக்குச் சாவடி சுங்கக்காரர் எங்கள் கூடையைக் கிளறினார். இரண்டாவது ஆள், உள்ளே பிராந்தி இருக்குமோ என்று ரொட்டியையே பிட்டுப் பார்த்தார்.

"உள்ளயும் ரொட்டிதாங்க" என்றேன். வேம்பு சிரித்த சிரிப்பில் வண்டி வாய்க்காலில் இறங்கப் பார்த்தது.

நிலத்துக்காரர் கொளஞ்சி என்பவர். அவர் காட்டிய இரண்டு காணியைப் பார்த்ததும் எனக்குக் கிறுகிறுத்துவிட்டது. செம்மண், ஒரு கிணறு, ஒரு புளியமரம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவர் இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். முப்பத்தெட்டு வயசில், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு ஓடினேன்!

சாப்பாடு முடிந்ததும் கொளஞ்சியின் சம்சாரம் அஞ்சலாட்சி ஒரு தட்டை நீட்டினாள். இரண்டு வெற்றிலை, பாக்கு, அந்த நிலத்து மண் ஒரு கட்டி. அது சும்மா தாம்பூலம் இல்லை. வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் நிலத்தை வாங்கிக்கொள்வதாக வார்த்தை கொடுத்த மாதிரி. பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போவதெல்லாம் அதற்கு அப்புறம். இவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நாற்பது ஊரிலும் தட்டைக் கண்டதும், டாக்டர் வெற்றிலை போடக் கூடாதென்று சொல்லியிருக்கிறாரென்று நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

"நெலம் ஜோரா இருக்குதுங்க. ஆனா தெக்கால பாத்தீங்கன்னா..." இவர் கை நெஞ்சுக்குப் போனது.

எனக்கு என்ன வந்ததோ, ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஏய் சூச! துப்பு! துப்பிடு!"

"முழுங்கிட்டேங்க."

வேம்பு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அஞ்சலாட்சி கையே தட்டிவிட்டாள். கொளஞ்சி மட்டும் தட்டை வாங்கி இவர் பக்கம் திருப்பினார்.

"அம்மா வார்த்த குடுத்துட்டாங்க. கையெழுத்து போடப்போறது நீங்கதானே முசே. இன்னொரு வெத்தல இருக்குது. வேணாம்னா சொல்லிடுங்க, கோவமில்ல."

என் சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது. இவர் வேண்டாமென்றால் அதோடு தீர்ந்தது. வெற்றிலை தின்றதுதான் மிச்சம். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அப்ப இனிமே ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் எங்கடி போறது?"

கஞ்சன், பயங்கொள்ளி என்று எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருப்பேன்! வெட்கமும் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கதாங்க. நம்ம மண்ணுக்கு நாம ரெண்டு பேரும் வருவோம்."

"வாராவாரமா?"

"வாராவாரம்."

"மழ பேஞ்சா?"

"கொட புடிச்சிக்கினு வருவோம்."

இவர் மற்ற வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.