பாதித் தேர்

ஷம்ஷாத் அந்தக் கோலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நடுப்பக்கத்தில் ஒரு தையல் ஊசி குத்தியிருந்தது. கோத்திருந்த சிவப்பு நூலைக்கூட உருவவில்லை. "பத்மாக்கா, இத நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மாடியில் இரண்டு பேரும் எதிரெதிர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பகலில் அந்தக் கதவு சாத்தி பத்மா பார்த்ததே இல்லை. பால் பொங்கினால் இந்த வீட்டிலிருந்து குரல் கொடுத்தால் அந்த வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். அப்படி இருந்த கதவு.

புத்தகம் வந்ததே ஷம்ஷாத்தால்தான். ரவிக்கைக்கும் தலையணை உறைக்கும் பூவேலை செய்கிறவள் அவள். டிசைனுக்குப் பத்மாவின் கோலங்களைத்தான் டிரேஸ் எடுப்பாள். "புள்ளி வெச்சு வளைக்கிறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்லக்கா. புக்காவே போடலாம்" என்று சொல்லிச் சொல்லி, ஏதோ ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் இருந்த அம்பத்தூர் பதிப்பக விலாசத்தையும் அவளே தேடிக் கொடுத்தாள். பதிப்பக முதலாளி கோதண்டம் படங்களைப் பார்த்ததும் சரி என்றுவிட்டார். புத்தகத்துக்கே ராஜா மாதிரி ஒரு தேர்க்கோலம். இரண்டு பக்கத்துக்கும் விரிந்து, நடுப்பக்கத்தில் வர வேண்டும் என்று பத்மா வரைந்தது. ஆம்பூரில் தங்கை கல்யாணத்துக்குக் கொடுக்கப்போகும் படுக்கை விரிப்பில் அந்தத் தேரைச் சிவப்பு நூலால் இழைக்கப்போவதாக ஷம்ஷாத் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்கழி பிறப்பதற்கு முன் பார்சல் வந்தது. அட்டையில் 'ஆவடி திருமதி பத்மா சண்முகசுந்தரம் வழங்கும் மார்கழிக் கோலங்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பத்மா அந்தப் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டோடு சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டாள். வெள்ளிக்கிழமை, முதல் பிரதியைப் பிரிக்காமலே தட்டில் பூ, வாழைப்பழத்தோடு வைத்து ஷம்ஷாத்துக்குக் கொடுத்தாள். பிரித்துப் பார்க்காமல் முதல் பிரதி கொடுத்தால்தான் விசேஷம் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளுக்கே அப்படித் தோன்றியது.

இப்போது ஊசி குத்தியிருந்த இடத்தில் பிரித்தாள். இடது பக்கம் தேரின் பாதி. அதற்கு எதிரே இன்னொரு பாதி இருக்க வேண்டிய இடத்தில் 'நம் தெருவில் இருக்கும் ஆபத்து' என்று ஒரு தலைப்பு. பொடிப்பொடியாகப் பதினாறு பக்கம். அவர்கள் கடையில் வாங்காதே, அவர்களுக்கு வீடு கொடுக்காதே, அவர்கள் வீட்டுப் பலகாரத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதே, எதிர்வீட்டில் இருந்தாலும் ஒரு கண் வைத்துக்கொள். எழுதியவர் பெயர் 'தேசநேசன்'. தேசத்தின் மேல் அத்தனை நேசம் இருக்கிறவனுக்குச் சொந்தப் பெயரைப் போட முதுகெலும்பு இல்லை. அதற்குத்தான் அட்டையில் பத்மாவின் பெயர் இருக்கிறதே. பதினாறு பக்கமும் முடிந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி தேரின் மறுபாதி.

அவள் புருஷன் சண்முகசுந்தரம் ஷிப்ட் முடிந்து வந்து படித்தான். படித்துவிட்டு முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினான். "எங்க ஃபோர்மேன் கஜபதி சார் வீட்லயே இந்த புக்கு வாங்கியிருக்காங்க பத்மா. சத்தம் போட்டு என் தலையில மண்ண வாரிப் போட்டுடாத. நாலு நாள் போனா ஷம்ஷாத்தே மறந்துடுவா."

"மறக்க வேண்டியது அவளா?" என்று கேட்டாள். அவன் தட்டைப் போடச் சொன்னான்.

மறுநாள் காலையில் பத்மா அம்பத்தூருக்கு பஸ் ஏறினாள். பிரஸ் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து அச்சடித்த தாள்களை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவள், எல்லம்மா என்று மற்றவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பத்மா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கோலம் போட்ட அம்மாவா? தேர ரெண்டாப் பொளந்துட்டாரும்மா. நல்லாவா கீதுன்னு கேட்டேன். நடுவுல சொருவுனாத்தான் பின்னு நிக்கும், மூடிகினு சொருவுன்னுட்டாரு."

உள்ளே கோதண்டம் வாய் நிறையச் சிரித்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா. எழுதுகிறவர் இல்லை, ஆனால் மூன்று பேனா. "வாம்மா, குந்து. காபி சொல்லட்டா? உன் புக்கு பிச்சிகினு போவுது."

பத்மா நடுப்பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தாள். "இது என்னங்க?"

"அதுவா? ஒரு பெரிய மனுசன் போடச் சொன்னாரு, துட்டு குட்த்தாரு. எழுதுனது எவனோ. நான் பேப்பர்ல மை தடவுறவன், அவ்ளோதான்." ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். "முதல்ல இத்தத் தனியாத்தான் போட்டேன். செவப்பு அட்ட, கத்தி படம்லாம் போட்டு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு நாய் சீண்டல. கட்டு கட்டா திரும்பி வந்துச்சு. அப்பால ரோசன பண்ணேன். மார்கழியில பொம்பளைங்க கோல புக்கு வாங்காத ஊடு கீதா? சமையல்கட்டு வரிக்கும் போவும்ல. அந்தப் பெரியவரே அசந்துட்டாரு."

முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி இருந்தது அவர் முகம்.

"என் எதிர்வீட்ல இருக்கிறவ படிச்சிட்டா."

"பாய் ஊடா? அட, எனக்கு பேப்பர் சப்ளையே ஒரு பாய்தாம்மா. தங்கமான மனுசன். ரம்ஜானுக்கு வாளியில பிரியாணி வரும். நான் இதெல்லாம் நம்புவனா? புக்கு இன்னாம்மா பண்ணும்? படிச்சிட்டு மடிச்சிப் போட்ருவாங்க."

"ஒண்ணும் பண்ணாதுன்னா அந்தப் பெரிய மனுசன் எதுக்குத் துட்டு குடுத்துப் போடச் சொன்னார்?"

கோதண்டம் ஒரு பேனாவை எடுத்துக் காதைக் குடைந்தார். பத்மா அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிச் செய்கிறவனிடமாவது சண்டை போடலாம், கத்தலாம், அவனும் கத்துவான். இந்த ஆளுக்கு இந்த விஷத்தின் மேல்கூட நம்பிக்கை கிடையாது. பிரியாணி தின்ற வாயைத் துடைத்துவிட்டு அதே கையால் இதை அச்சுக்கு அனுப்புவான். இவனைக் கெட்டவன் என்று சொன்னால் கெட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மிச்சம் இருக்கிற பிரதிகளிலாவது தன் பெயரை எடுக்கச் சொன்னாள். கட்டெல்லாம் வேலப்பன்சாவடி, பாடி, முகப்பேர் என்று போய்ச் சேர்ந்துவிட்டதாம். கடைசியில் அவள் எழுந்தபோது, "கோச்சிக்காதம்மா. பொங்கலுக்கு ரங்கோலி புக்கு போடறேன். படம் குடு, உன் போட்டோவோட போட்டுர்றேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவள் மேஜையிலிருந்த புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஷம்ஷாத் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டி என்ன சொல்வது? நான் எழுதவில்லை என்றா? அதைத்தானே அந்த ஆளும் சொன்னான். கையை இறக்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் விடியும்போது, பால் பூத்துக்குப் போக இறங்கியவள் தெருவில் நின்றுவிட்டாள். ஃபோர்மேன் வீட்டு வாசலில் பாதித் தேர். இடது பக்கச் சக்கரம், இடது பக்கக் குதிரை, பாதிக் கோபுரம். நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி நேர்க்கோடு. இரண்டு வீடு தள்ளி இன்னொரு பாதித் தேர். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இன்னொன்று. எல்லோரும் அந்தப் பக்கம் வரைக்கும் போட்டிருக்கிறார்கள். பிறகு படிக்கப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

கஜபதியின் மனைவி வனஜா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வா பத்மா. உன் தேரு பாதியில நின்னுடுச்சு பாரு. மீதி எங்கயோ தள்ளிக் கிடக்கு, ரெண்டையும் ஒட்ட வைக்க வரல. நடுவுல படிக்கிறதுக்குத்தான் வருது."

"படிச்சீங்களா?"

"படிக்காம? கரெக்டாத்தான் போட்டிருக்கு. கண்டவன் எழுதியிருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். நீ போட்ட புக்காச்சே, நம்பித்தான் படிச்சேன்." குரலைத் தணித்தாள். "உன் எதிர்வீட்டுக்காரிகிட்ட நீயும் எதுக்கும் கொஞ்சம்..."

சொல்லி முடிக்கவில்லை. தெருமுனையில் ஷம்ஷாத் பால் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். மார்கழியில் எப்போதும் நடக்கிற மாதிரி, எந்த வீட்டுக் கோலத்தையும் மிதிக்காமல், புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி ஓரமாகவே வந்தாள். அந்தப் பாதித் தேர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தாள். வனஜா அவளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கிண்ணத்தைப் பத்மாவின் கையில் திணித்தாள். "மீதிய நீயே போட்டுக் குடுத்துடேன். உன் கையால வரட்டும்."

பத்மா கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"மீதி கிடையாதுக்கா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "அந்தப் பதினாறு பக்கமும் பொய். என் பேரப் போட்டு வித்திருக்கான். அத நம்புறவங்களுக்கு என் தேரு கிடையாது."

வலது பாதத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். சக்கரம் போயிற்று, குதிரை போயிற்று, கோபுரம் போயிற்று. "அடிப்பாவி, நல்ல நாளும் அதுவுமா!" என்றாள் வனஜா. மேலே ஒரு ஜன்னல் திறந்தது. சண்முகசுந்தரமாகத்தான் இருக்க வேண்டும். பத்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பாதித் தேரை நோக்கி நடந்தாள்.

ஷம்ஷாத் மாடிப்படியின் கீழே நின்று, தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். படி ஏறவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. வனஜா வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், தார் ரோட்டில், வெள்ளையாக ஒற்றைக் கால் தடம் போய்க்கொண்டிருந்தது.