கத்தி வழுக்கிய இடம்

திங்கட்கிழமை காலை ராக்கப்பன் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தூள்தான். அவன் மேசையில், அவன் விரித்து வைத்திருந்த பழைய துண்டின் மேல், மாவு சலித்துவிட்டதுபோல் வெளிர்பழுப்பாகப் படிந்து கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவனே துடைத்துவிட்டுப் போன மேசை அது. ஞாயிறு பட்டறைக்கு லீவு. மச்சினனைப் பார்க்க ஷார்ஜா போயிருந்தவன், விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து நேரே புஜைரா வந்திறங்கியிருந்தான்.

தூளுக்கு நடுவே துப்பாக்கிக் கட்டை கிடந்தது. நேற்றுக் கடையில் வாங்கிய சப்பாத்திக் கட்டைபோல் வழுவழுவென்று இருந்தது.

அவன் அதைக் கையில் எடுத்துப் புரட்டினான். தோளில் பதியும் அகன்ற முனையின் வலப்பக்கத்தைப் பார்த்தான். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். விரலால் தடவினான். ஒன்றும் இல்லை. காது இரண்டும் சூடேறுவது அவனுக்கே தெரிந்தது.

பட்டறையில் சோபா தைக்கிற அஹ்சன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். கல்முனைக்காரன். பட்டறைக்குப் பின்னால்தான் இருவருக்கும் ரூம்.

"முதலாளி நேத்து வந்தவர் அண்ணன். உப்புத்தாள் மெஷினைப் போட்டவர். ராக்கப்பன் அண்ணன் வரட்டும் எண்டு சொல்லிப் பாத்தன். கேட்டாத்தானே."

ராக்கப்பன் கட்டையைத் திரும்பத் துண்டின்மேல் வைத்தான். வாயைத் திறந்தால் எது வருமென்று அவனுக்கே நிச்சயமில்லை.

பத்து நாளைக்கு முன் அபூ ஹமத் என்கிற பெரியவர் அந்தக் கட்டையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மலைப்பக்கத்து ஊர்க்காரர். அவருடைய தகப்பனார் வைத்திருந்த பழைய பட்டாளத்துத் துப்பாக்கி அது. இரும்பை வீட்டில் பூட்டிவிட்டு மரத்தை மட்டும் கழற்றி வந்திருந்தார். வியாழக்கிழமை மகனுக்குக் கல்யாணம். துப்பாக்கியைச் சுழற்றி ஆடுகிற ஆட்டத்தில் மாப்பிள்ளையின் கையில் இதுதான் இருக்க வேண்டும் என்றார்.

எழுபது வருஷத்துக் கை அழுக்கும் எண்ணெயும் ஏறி, மரம் கரிக்கட்டையாகத் தெரிந்தது. ராக்கப்பன் அதை அவசரப்படுத்தவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தகரக் கூரையின்மேல் வெயிலில் வைத்தான். மரம் வேர்ப்பதுபோல் பழைய எண்ணெயைக் கக்கியது. துடைத்தான். சாக்பீஸ் தூளைப் பூசினான். மிச்சத்தை அது குடித்தது. மறுநாளும் அதே வேலை. அடிபட்டுக் குழிந்த இடங்களில் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தான். ஆவி பட்டு மரம் தானாக எழும்பியது. உப்புத்தாளைக்கூட அவன் தொடவில்லை. காரணம், ஐந்தாம் நாள் அழுக்குக்கு அடியிலிருந்து ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. பிறகு வரி முழுவதும் வந்தது. கத்தியால் கீறிய அரபி எழுத்து. கடைசி எழுத்தின் வால் மட்டும் வரியை விட்டு விலகி, இரண்டு அங்குலத்துக்குத் தாறுமாறாக ஓடியிருந்தது. எவனோ கீறும்போது கத்தி வழுக்கியிருக்கிறது. ராக்கப்பனுக்கு அது பிடித்திருந்தது. தச்சன் கையும் வழுக்கும்.

அதைத்தான் மெஷின் தின்றுவிட்டிருந்தது.

ஒன்பது மணிக்கு முதலாளி சாதிக் பாட்ஷா வந்தார். கீழக்கரைக்காரர். கார் சாவியை விரலில் சுழற்றியபடியே உள்ளே வந்தார்.

"எப்புடி இருக்கு ராக்கப்பா? மாப்புள கணக்கா இல்ல?"

"யாரைக் கேட்டு மெஷின் வச்சீங்க பாய்?"

"யாரைக் கேக்கணும்? என் பட்டறை, என் மெஷின். நீ வெயில்ல வைக்கிறே, பவுடர் போடுறே, புதுப்பொண்ணுக்கு நலுங்கு வைக்கிற மாதிரி தடவிக்கிட்டே இருக்கே. வியாழக்கிழமை கல்யாணம்யா. புதுசு மாதிரி வேணும்னு அவரே போன்ல சொன்னாரு. அர மணி நேர வேலை."

"அதுல எழுத்து இருந்துச்சு."

"எழுத்தா? கீறலு."

"எனக்கு அரபி படிக்கத் தெரியாது பாய். நீங்க ஓதிப் படிச்சவரு. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

சாதிக் பாட்ஷா சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னமோ பேரு. உபைது பின் சுலைமான்னு இருந்த மாதிரி ஞாபகம்."

"அவங்க வாப்பா பேருதானே?"

"இருக்கலாம்."

"படிக்கத் தெரியாத நான் நாலஞ்சு நாளு அதைச் சுத்தி விரல் வச்சுத் தொடச்சேன். நீங்க படிச்சுப் பாத்துட்டு மெஷினை ஏத்துனீங்க."

அஹ்சன் தையல் மெஷினை நிறுத்திவிட்டான். அந்த அமைதி முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"கலாஸ். நடந்தது நடந்துபோச்சு. நீதான் எதைத் தொட்டாலும் முதல்ல பேப்பரை வச்சுப் பென்சிலால உரசி எடுத்து வைப்பியே. எடுத்தியா இல்லியா?"

எடுத்திருந்தான். பழைய சாமான் எது வந்தாலும் அப்படிச் செய்வான். 'இங்கே ஒரு பூ இருந்தது, எங்கே போச்சு' என்று நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது. தேதி போட்ட தாள் இழுப்பறையில்தான் இருந்தது.

"அதை வச்சு மறுபடி வெட்டிடு. உன் கைக்கு ஒரு மணி நேரம். கண்டுபிடிச்சுட்டாருன்னா, நான்தான் தெரியாம மெஷின் வச்சுட்டேன்னு நீ சொல்லு. தொழிலாளின்னா மன்னிச்சுடுவாரு. என்னை மன்னிக்க மாட்டாரு, ஊரெல்லாம் சொல்லிடுவாரு." வாசலில் நின்று திரும்பினார். "அடுத்த மாசம் உன் விசா முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

ராக்கப்பனுக்கு ஞாபகம் இருந்தது. மகளுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம். அதையும் நினைத்துக்கொண்டுதான் இழுப்பறையைத் திறந்தான். தாளைக் கட்டையின்மேல் பொருத்தினான். சின்ன உளியைத் தீட்டினான். எழுத்தில் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் வால் ஓடிய இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வழுக்கலை எப்படி வெட்டுவது? அளந்து, கோடு போட்டு, நிதானமாக வெட்டினால் அதற்குப் பெயர் வழுக்கலா? பொய்யில்கூட இப்படியொரு பொய்யை அவனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. உளியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் எறிந்தான்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அபூ ஹமத் வந்தார். கட்டையை வாங்கியதும் அவர் அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நேரே அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். விரல் முன்னும் பின்னும் தேடியது. முகம் மாறியது.

சாதிக் பாட்ஷா அரபியில் மளமளவென்று பேசினார். கை ராக்கப்பன் பக்கம் நீண்டது. பத்தொன்பது வருஷத்தில் ராக்கப்பனுக்குப் பிடிபட்ட அரபி கொஞ்சம்தான். இரண்டு வார்த்தை விளங்கியது. 'கலத்' என்றால் தப்பு. 'மிஸ்கீன்' என்றால் பாவப்பட்டவன். தப்பைக்கூட அவன் விழுங்கியிருப்பான். அந்தப் பாவம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"பாபா," என்றான் இந்தியில். "நான் இதில் மெஷின் வைக்கவில்லை. ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை. சனிக்கிழமை நான் போகும்போது எழுத்து இருந்தது. இதோ."

தாளை நீட்டினான். பென்சில் கறுப்பில் பெயர் வெள்ளையாகத் தெரிந்தது. பெரியவரின் விரல் எழுத்துகளைத் தாண்டி, தாறுமாறாக ஓடிய வாலில் போய் நின்றது.

"எனக்கு ஆறு வயசு," என்றார் அவரும் இந்தியில். "ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு வந்து அவர் முழங்கையில் மோதினேன். கத்தி வழுக்கிவிட்டது. நல்ல அடி கிடைத்தது. அடி மறந்துபோச்சு. இது இருந்தது."

பிறகு முதலாளியிடம் திரும்பி அரபியில் பேசினார். சத்தமில்லை, நீளமாக இருந்தது. ராக்கப்பனுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சாதிக் பாட்ஷாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். பேசி முடித்துப் பெரியவர் இவன் பக்கம் வந்தார். கோபம் இவனையும் விடவில்லை.

"உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் வெளியே போட்டுவிட்டுப் போனாய்? பூட்டி வைத்திருக்க வேண்டாமா?"

ராக்கப்பனின் கண் கருவிப் பெட்டியின் பூட்டுக்குப் போனது.

"திரும்ப வெட்டுவாயா?"

"எழுத்தை வெட்டுவேன் பாபா. வழுக்கலை என்னால் வெட்ட முடியாது. அது நீங்கள் மோதினது."

பெரியவர் கட்டையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்படியானால் எதையும் வெட்டாதே. எண்ணெய் மட்டும் போடு. வியாழக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்கிறேன்."

தாளை மடிக்கப் போனவரை ராக்கப்பன் தடுத்தான். மடித்தால் பென்சில் கலைந்துவிடும். தானே அதைச் சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்தான். கார் போகும்வரை சாதிக் பாட்ஷா வாசலிலேயே நின்றார். திரும்பி வந்ததும் சொன்னார்:

"வந்த ஆளு முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டே. உன் விசாவுக்குக் கையெழுத்துப் போட வேற கஃபீலைப் பாத்துக்க."

"பாத்துக்கிறேன். வியாழக்கிழமை வரைக்கும் இந்த மேசைப் பக்கம் வராதீங்க பாய்."

ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவன் தேய்க்கத் தொடங்கினான். எண்ணெய் மரத்துக்குள் இறங்கக் கைச்சூடு வேண்டும். அன்றைக்கு அது வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. பெயர் இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரிந்தது. அதை மறைக்க அவன் சாயம் எதையும் சேர்க்கவில்லை.

தேய்த்து முடித்ததும் தன் கருவிப் பெட்டியை முழுக்கக் காலி செய்தான். உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் தரைக்கு வந்தன. பெட்டிக்குள் இரண்டு சட்டங்களை வைத்து, மரம் எங்கும் உரசாதபடி கட்டையை அவற்றின்மேல் கிடத்திப் பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.