கடுகின் எடை

கடுகு இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தாள். பூனை பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. கழுத்தை நீட்டி அடிவயிற்றிலிருந்து எடுக்கிற குரல். தரையில் உருளுவாள். எழுந்து முன்கால்களை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "குழந்தைய அடிக்கிறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். வேறு நாளாக இருந்தால் கடுகை வளர்க்கும் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. அக்காவின் கார் அரை மணியில் வந்துவிடும்.

அக்கா வீட்டில் இருக்கும் ஆண் பூனை துரை. சாம்பல் நிறம், சப்பை மூக்கு, தெருவையே விலைக்கு வாங்கியவன் மாதிரி ஒரு நடை. அக்காவுக்கு வேலை மாற்றலாகிவிட்டது. ஆண் பூனை என்றால் கருத்தடை செய்துதான் கொண்டுவர வேண்டும் என்று புது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை அறுவை சிகிச்சை. துரைக்கு ஒரு வாரிசு வேண்டுமென்றால் கடுகை இன்றே அவனிடம் கொண்டுபோய் விட வேண்டும். தவறினால் இந்த ஜென்மத்தில் இல்லை.

கால்நடை மருத்துவர் அம்மா போனில் பிட்டுப் பிட்டு வைத்திருந்தார். "ஒரு வயசு தாண்டியிருக்கணும். முதல் தடவை சூட்டுக்கு வந்ததும் விடவே கூடாது. உங்க பூனைக்கு மூணு கிலோவாவது இருக்கணும். கத்துறாங்கிறதுக்காக அவ தயார்னு அர்த்தமில்லம்மா." கடுகுக்குப் பதின்மூன்று மாதம். இணை தேடிக் கத்துகிற இந்தச் சூடு மூன்றாவது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. மிச்சம் எடை மட்டும்தான்.

அந்த எடையில்தான் சின்னவளுக்குச் சந்தேகம். பார்க்கக் கடுகு பூசணிக்காய் மாதிரி இருந்தாள். ஆனால் அத்தனையும் முடி. விரலை உள்ளே விட்டால் முதுகெலும்பு கணுக் கணுவாகத் தட்டுப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் வளர்த்த வெள்ளச்சிக்கும் இப்படித்தான் தட்டுப்பட்டது. அப்போதும் துரைதான். அப்போதும் அக்கா அவசரப்படுத்தினாள், இவள் தலையாட்டினாள். வெள்ளச்சி குட்டியை வெளியே தள்ள முடியாமல் ஒன்றரை நாள் முக்கிவிட்டு, மருத்துவமனை மேசையிலேயே போய்விட்டாள். குட்டிகளும் தங்கவில்லை. "நீ ஒழுங்கா தீனி போட்டிருக்க மாட்டே" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு எப்போது பேச்சு வந்தாலும் அதையேதான் சொன்னாள். சின்னவளும் அதை நம்பிவிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. அக்கா கூடையோடு நுழைந்தாள். பின்னால் அத்தான், கக்கத்தில் எடை பார்க்கும் இயந்திரம். அத்தான் லாரி எடைமேடையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். எடை என்ற பேச்சை எடுத்தால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்னம்மா, பொண்ணு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே இயந்திரத்தைத் தரையில் வைத்தார். பூனை தனியாக அதில் நிற்காது. அதனால் கடுகைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தானே ஏறி நின்றார். எழுபத்தேழு கிலோ நூறு.

"நான் எழுபத்தி நாலு. கழிச்சா மூணு கிலோ நூறு," என்றார் அத்தான். "பாஸ்!"

"அப்பாடா," என்று அக்கா கூடையைத் திறந்தாள். "கெளம்பலாம்டி. நேரமாச்சு."

சின்னவள் கூடையின் குறுக்கே நின்றாள். "இருக்கா. இவ அவ்வளவு இருக்க மாட்டா. முதுகைத் தொட்டுப் பாரேன்."

"உன் விரல் என்ன தராசா? அதான் மெஷின் சொல்லுதே!" அக்காவின் குரல் உயர்ந்து, உடனே உடைந்தது. "நாளைக்கு அவனுக்கு எல்லாம் முடிஞ்சிருமேடி. ஒரே ஒரு குட்டி. நீ வேணாம்னா சொல்லிரு, காலத்துக்கும் நான் மறக்க மாட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை அது. அக்கா மறக்காதவள்தான். சரி என்ற வார்த்தை சின்னவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் அத்தானின் சட்டைப் பொத்தான்கள் அவள் கண்ணில் பட்டன. வயிற்றின் மேல் அவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அத்தான், நீங்க எழுபத்தி நாலுன்னு எப்பப் பார்த்தீங்க?"

"கல்யாணத்தப்போ. அன்னையிலேர்ந்து எழுபத்தி நாலுதான்."

"லாரிக்காரன் வந்து, வெறும் வண்டி எடை எனக்குத் தெரியும், நிறுக்க வேணாம்னு சொன்னா விட்டுருவீங்களா?"

"அதெப்படி விடுவேன்? இறக்கிட்டு வந்து மறுபடி ஏத்துன்னு..." அத்தான் பாதியில் நிறுத்தினார்.

அவள் கையை நீட்டினாள். அவர் கடுகைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். எண்கள் ஆடி அடங்கின. எழுபத்து நாலு கிலோ எழுநூறு.

மூவரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். கணக்குப் போட யாருக்கும் நேரமாகவில்லை. கடுகு இரண்டு கிலோ நானூறு. வளர்ந்து முடியாத உடம்பு.

"இவ போக மாட்டாக்கா," என்றாள் சின்னவள்.

அத்தான் இயந்திரத்தை விட்டு இறங்காமல் மெதுவாகக் கேட்டார். "வெள்ளச்சியையும் நான்தானே நிறுத்தேன்?"

"ஆமா."

"அப்பவும் எழுபத்தி நாலுதான் கழிச்சேன்."

"ஆமா அத்தான்."

அக்கா கூடையின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "நீ தீனி போடலைன்னு நான்..." என்று ஆரம்பித்துவிட்டுக் கூடையையே பார்த்தாள். இந்த வார்த்தைக்காகச் சின்னவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். கேட்டதும் மனசு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"துரைக்குக் காலையில தீனி வெக்காதே. வெறும் வயித்தோட கொண்டுபோகச் சொல்லியிருப்பாங்க," என்றாள்.

அக்கா தலையாட்டினாள். இருவரும் காலிக் கூடையோடு படியிறங்கிப் போனார்கள்.

கதவைச் சாத்திய பிறகு சின்னவள் கடுகைக் கீழே விட்டாள். வெள்ளச்சி செத்த அன்று அவள் அழவில்லை. கொன்றவளே உட்கார்ந்து அழுதால் யார் பொறுப்பார்கள் என்று அடக்கிக்கொண்டவள். இப்போது தரையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.